மணி அடிக்கும்வரை வெளியே

இரட்டைமலை சீனிவாசன் 1939-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலில், கோயம்புத்தூர்க் கலாசாலையில் தாம் வாசித்த காலத்தைப் பற்றிச் சொல்லியிருப்பவை சில வரிகளே. சுமார் 400 மாணாக்கர் இருந்த அந்தக் கலாசாலையில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகளாக இருந்தமையால், தம்முடைய குலமும் குடியிருப்பும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் எவ்வாறு நடத்துவார்களோ என்று அஞ்சி, ஒருவரோடும் சிநேகம் கொள்ளாமலும் விளையாட்டுகளில் சேராமலும், பள்ளிக்கு வெளியே எங்கேயோ ஒதுங்கி வாசித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைந்ததாக அவர் எழுதுகிறார். பிற்காலத்தில் 'பறையன்' என்ற பெயரையே துணிந்து தம் பத்திரிகைக்குச் சூட்டியவரும், லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரின் பக்கத்தில் அமர்ந்தவரும் ஆகிய ஒருவரின் பிள்ளைப் பருவம் இது. அந்தச் சிறுவனைப் பள்ளி மறுக்கவில்லை என்பதும், அவன் பெயர் பதிவேட்டில் இருந்தது என்பதும், பாடங்களை அவன் நன்றாகவே கற்றான் என்பதும் கவனிக்கத்தக்கவை. கதவு திறந்திருந்தும் அவன் மணி அடிக்கும்வரை வெளியே நின்றான்.

தாழ்த்தப்பட்ட குழந்தைகளின் கல்வியைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும், அவர்களைப் பள்ளிக்கூடத்திற்குக் கொண்டுவருவது எப்படி என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். குறை குழந்தையிடத்திலோ அதன் பெற்றோரிடத்திலோ இருப்பதாகவும், வறுமை, அறியாமை, அசிரத்தை ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டால் மற்றவை தாமே சரியாகிவிடும் என்றும் அந்தக் கேள்வி மௌனமாக அனுமானித்துக்கொள்கிறது. சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தாலோ, கல்வியைக் கேட்டு அவர்கள் கதவைத் தட்டாத காலமே இல்லை என்பதும், தட்டுந்தோறும் தடை ஓர் அடி உள்ளே நகர்ந்துகொண்டதேயன்றி அகலவில்லை என்பதும் புலப்படும். முதலில் வாசற்கதவு, அதன் பின் பெஞ்சு, அதன் பின் தண்ணீர்ப் பானை, அதன் பின் சோற்றுத் தட்டு. இந்த நகர்ச்சியைத் தொடர்ந்து சென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1856-ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணத்தின் தார்வாரில் மஹார் ஜாதிச் சிறுவன் ஒருவன், தன்னைச் சர்க்கார் பள்ளியில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள் என்று மாகாண அரசாங்கத்திற்கே விண்ணப்பம் செய்தான். நியாயம் அவன் பக்கம் இருப்பதை ஒப்புக்கொண்ட அரசாங்கம், ஒருவனைச் சேர்த்தால் மற்ற அனைவரும் பள்ளியை விட்டு விலகிவிடுவர் என்று காரணம் காட்டி அவனைத் திருப்பி அனுப்பியது. சர்க்கார் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் உரியன என்று மறு ஆண்டில் லண்டனிலிருந்து கம்பெனியின் இயக்குநர்கள் உறுதிப்படுத்தினார்கள்; 1882-ஆம் ஆண்டின் ஹண்டர் கமிஷனும் அத்தத்துவத்தை ஏற்றுக்கொண்டு, ஆனால் ஊர் எதிர்ப்பு உள்ள இடங்களில் நிதானமாகச் செல்லலாம் என்றும், தனிப் பள்ளிகள் வைக்கலாம் என்றும் யோசனை கூறியது. தத்துவத்தில் உரிமை, நடைமுறையில் நிதானம் என்ற இந்தச் சூத்திரம் அன்று தொட்டு நம்முடைய நிர்வாகத்தை விட்டு நீங்கவேயில்லை. தார்வார்ச் சிறுவன் விண்ணப்பித்த அதே காலத்தில் புனே நகரில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் எவர் அனுமதிக்கும் காத்திராமல் மஹார், மாங் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள் என்பதும், அங்கே படித்த முக்தாபாய் என்னும் மாங் சிறுமி தன் ஜனங்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-இல் 'ஞானோதயா' பத்திரிகையில் அச்சேறிற்று என்பதும், நிதானம் ஒன்றே வழி என்போருக்கு நினைவூட்டத் தக்கவை.

சென்னை மாகாணத்தின் நிலையோ நிலத்தோடு பின்னியது. செங்கற்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-ஆம் ஆண்டில் அரசாங்கத்திற்கு அனுப்பிய அறிக்கையைப் படிப்போர், சேரிக் குடிசை நிற்கும் மனையே மிராசுதாருக்குச் சொந்தமாக இருந்தது என்பதைக் காண்பர். மாடு மேய்க்க வேண்டிய பையனைப் பள்ளிக்கு அனுப்பினால் அவன் கூலி போகும் என்பது மாத்திரமல்ல, குடியிருக்கும் இடமும் போகக்கூடும். இத்தகைய அச்சத்தின் நடுவில் எழுத்தறிய வந்த பிள்ளையை அசிரத்தையுள்ளவன் என்று எவர் சொல்லக்கூடும்? பஞ்சமர் எனப்பட்டோரின் கல்விக்கென 1893-இல் அரசாங்கம் விசேஷ உத்தரவு ஒன்றைப் பிறப்பித்துச் சலுகைகள் சிலவற்றை வழங்கியது. ஆயினும் கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 1919-ஐ ஒட்டி, பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகளைப் பற்றி விசாரித்தபோது, எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவற்றில் சுமார் 600 பள்ளிகளே அக்குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தன என்று தெரியவந்தது. மற்றவற்றிற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் சட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. பள்ளி அக்கிரகாரத்தில் இருந்தது, அல்லது கோயில் மண்டபத்தில் நடந்தது, அல்லது கட்டடத்தை வாடகைக்கு விட்டவர் சம்மதிக்கவில்லை. பொதுப் பணத்தில் நடந்த பள்ளி பொதுவான தெருவில் இல்லை என்பதே விஷயம்.

எனவே தனிப் பள்ளிகள் பிறந்தன. பாதிரிமார்கள் முன்னரே தொடங்கியிருந்தனர். 1892-இல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்திற்கு நீலகிரியிலிருந்து பிரதிநிதியாக வந்த அயோத்திதாசப் பண்டிதர், கோயில் நுழைவைப் பற்றிய தம் கேள்விக்கு அவமதிப்பான விடையே கிடைத்த பின்னர், அப்படியானால் எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரையிலாவது இலவசப் பள்ளிகளும், எங்கள் ஜனங்களுக்குத் தரிசு நிலமும் வேண்டும் என்று கோரினார். கோயிலைக் கேட்டவர் ஒரே கூட்டத்தில் பள்ளிக்கூடத்திற்குத் திரும்பிய அந்தக் கணம், தென்னாட்டுத் தலித் சரித்திரத்தில் ஒரு திருப்பம் என்றே நான் கருதுகிறேன். கர்னல் ஆல்காட் அடையாற்றின் பிரம்மஞான சபை வளாகத்திற்கு அருகே 1894-இல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்ததும், அதைத் தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் முதலிய இடங்களில் மேலும் சில பள்ளிகள் எழுந்ததும் இந்தச் சூழ்நிலையில்தான். அப்பள்ளிகளில் கிண்டர்கார்டன் முறையைப் புகுத்தி, பிரம்பையும் நெட்டுருவையும் நீக்கிக் கற்பித்தார்கள் என்பது, அக்காலத்து உயர்ஜாதிப் பிள்ளைகளுக்கே கிட்டாத பாக்கியம். ஆனால் அந்தத் தர்மத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. ஆரம்ப வகுப்புகளுக்கு அப்பால் அது செல்லவில்லை. அதே சபையின் தலைமையில் பின்னர் அமர்ந்த அன்னி பெசண்ட் அம்மையார் 1909-இல் எழுதிய கட்டுரையொன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்புக் குழந்தைகளுக்கு முதலில் சுத்தமும் நல்லொழுக்கமும் கற்பிக்க வேண்டும் என்றும், அதுவரை மேல்வகுப்புக் குழந்தைகளோடு அவர்களைச் சேர்த்து உட்காரவைத்தல் தகாது என்றும் வாதித்தார். இந்தக் கட்டுரையை அம்பேத்கர் மறக்கவில்லை. நாற்பதுகளில் தாம் எழுதிய நூலில் அதை எடுத்துக்காட்டினார். கருணையோடு தொடங்கும் தனிப் பள்ளி, காலப்போக்கில் பொதுப் பள்ளியின் கதவைச் சாத்திவைப்பதற்கு ஒரு சாக்காகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

எனினும் தனிப் பள்ளியை அந்தச் சமூகத்தாரே எடுத்து நடத்தியபோது அதன் குணம் மாறிற்று. ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்து துறவு பூண்ட சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரம் ஓமக்குளத்தில் நந்தனார் பெயரால் பள்ளியைத் தொடங்கினார். எந்தத் தலத்தில் நந்தன் வாசலில் நிறுத்தப்பட்டான் என்று புராணம் பாடிற்றோ, அதே தலத்தில், அவன் பெயரை வாசற்பலகையில் எழுதி, அவன் குலத்துப் பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்த செயலில் உள்ள பிடிவாதத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. அவர் விடுதியும் நடத்தினார், தமிழோடு வடமொழியும் வல்லவராக விளங்கினார், சட்டசபையிலும் இருந்தார். அந்தப் பள்ளியில் படித்த பையன் தன் ஜாதியை மறைக்க வேண்டியதில்லை, ஏனெனில் அங்கே அது அவமானமாக இல்லை. கோயம்புத்தூர்க் கலாசாலையின் 400 பேருக்கு நடுவே இருந்தவனுக்கு இந்தச் சௌகரியம் இல்லை.

திருவிதாங்கூரில் அய்யன்காளி வேறு மார்க்கம் கண்டார். பள்ளியில் சேர்க்கும் உத்தரவு காகிதத்தில் இருந்தும் ஊர் மறுத்தபோது, புலையர் குழந்தைகளைப் படிக்கவிடாத வயல்களில் புலையர் இறங்க மாட்டார் என்று உழவுத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யவைத்தார். 1914-இல் ஊரூட்டம்பலம் பள்ளியில் ஒரு சிறுமியைச் சேர்க்கச் சென்றபோது ஏற்பட்ட கலகத்தில் பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலும், உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட ஜாதிப் பிள்ளைகள் தரையில் அன்றி மற்றவரோடு சம ஆசனத்தில் அமரவேண்டும் என்று 1930-ஐ ஒட்டி அரசாங்கம் பணித்தபோது, சில பள்ளிகள் இரவோடு இரவாக எரிக்கப்பட்டன. ஒரு பெஞ்சைக் காப்பாற்றுவதற்காக முழுப் பள்ளியையும் எரிக்கத் துணிந்தார்கள் என்றால், அந்தப் பெஞ்சு வெறும் மரப்பலகை அல்ல என்பதை எதிரிகள் நம்மைவிட நன்கு உணர்ந்திருந்தார்கள்.

சென்னைச் சட்டசபையில் எம். சி. ராஜா, ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவர் என்பதாலோ என்னவோ, பெயரின் விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். பஞ்சமர், பறையர் என்ற சொற்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று சர்க்கார் ஏடுகளில் வழங்கவேண்டும் என்ற அவருடைய தீர்மானம் 1922-இல் நிறைவேறிற்று. தொழிலாளர் இலாகாவின் கீழ் அக்காலத்தில் திறக்கப்பட்ட 'லேபர்' பள்ளிகள் சுதந்திரத்திற்குப் பின் ஹரிஜன நல இலாகாவின் கைக்கு வந்து, அதன்பின் ஆதி திராவிடர் நலப் பள்ளிகளாகி, இன்று தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டு நிற்கின்றன.

சுதந்திரத்திற்குப் பின் நிகழ்ந்தவற்றைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அவை பலருக்கும் தெரிந்தவை. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவு, சென்னை மாகாணத்து வழக்கொன்றின் விளைவாக 1951-இல் சேர்க்கப்பட்ட 15(4)-ஆம் பிரிவு, 1944-இலேயே தொடங்கிவிட்ட மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய உபகாரச் சம்பளம், விடுதிகள், மதிய உணவு ஆகிய இவை வீண்போகவில்லை. 1961-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் இந்தியா முழுவதிலும் தாழ்த்தப்பட்ட வகுப்பாரில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேரே. 2011-இல் 66 பேர். பொதுவான எழுத்தறிவுக்கும் அவர்களுடையதற்கும் இடையே 1961-இல் 14 ஆக இருந்த தூரம் 1991-இல்கூட 15-க்கு அருகிலேயே நின்று, அதற்கடுத்த இருபது ஆண்டுகளில்தான் ஏழாகக் குறைந்தது. ஒரு தலைமுறைக் காலம் இருசாராரும் ஏறினார்களேயன்றி, இடைவெளி அசையவில்லை என்பதை இந்த எண்கள் அமைதியாகச் சொல்கின்றன. கதவைப் பொறுத்தவரையில், இன்று வழக்கு முடிந்துவிட்டது என்றே கூறலாம்.

வகுப்பறைக்குள் சென்றால் கதை வேறு. பதினொரு மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006-இல் வெளிவந்த கிராமப்புறத் தீண்டாமை பற்றிய நூல், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் சர்க்கார் பள்ளிகளில் தலித் குழந்தைகள் உணவுவேளையில் தனியே அமரவைக்கப்பட்டதைப் பதிவு செய்தது. பசியாற்றும் பந்தியே ஜாதியைக் கற்பிக்கும் பாடமாக அங்கே மாறிவிடுகிறது. மதிய உணவில் நாட்டுக்கே வழிகாட்டிய நம் தமிழ்நாட்டில், 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் கலகம் செய்ததை நாம் பத்திரிகைகளில் படித்தோம். ஓம்பிரகாஷ் வால்மீகி தம் சுயசரிதையான 'ஜூட்டன்' நூலில், தலைமையாசிரியர் தம்மை வகுப்பில் உட்காரவிடாமல் நாள்கணக்கில் பள்ளி முற்றத்தைப் பெருக்கவைத்ததையும், தந்தை வந்து அந்தத் துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்ததையும் எழுதியிருக்கிறார். அது சுதந்திர இந்தியாவின் பள்ளி.

இவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளந்து காட்டியவர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள். உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர் 642 பேரை, உயர்ஜாதியினர் பாதியும் தாழ்த்தப்பட்டோர் பாதியுமாக எடுத்துக்கொண்டு, வழி கண்டுபிடிக்கும் புதிர்களை அவர்களிடம் கொடுத்து, தீர்த்த புதிருக்கு ஏற்பக் காசும் தந்தார்கள். சிறுவர்களின் ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதபோது இருசாராரும் ஏறக்குறையச் சமமாகவே தீர்த்தனர். ஒவ்வொருவனுடைய பெயரோடு ஜாதியையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்த பின்னரோ, தாழ்த்தப்பட்ட சிறுவர் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாக விழுந்தது. புத்தி அதே புத்தி. புதிர் அதே புதிர். இடையில் நிகழ்ந்தது ஒரு வாசிப்பு மாத்திரமே. விடைத்தாளின் முகப்பில் ஜாதியை மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்த வேறோர் ஆய்வு, தாழ்ந்த ஜாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சிறிதளவு மதிப்பெண் குறைவதைக் கண்டதோடு, அந்தக் குறைவு பெரும்பாலும் தாழ்ந்த ஜாதியிலிருந்தே வந்த ஆசிரியர்களின் கையால் நேர்ந்ததையும் கண்டது. உயர்ஜாதியாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் திருப்தி அடைய விரும்புவோருக்கு இது கசப்பாக இருக்கும். ஆனால் இழிவு என்பது இழிந்தவனாகப் பழக்கப்பட்டவன் மனத்திலும் குடிகொள்ளும் என்பதை அம்பேத்கர் முன்னரே அறிந்திருந்தார்.

கோயம்புத்தூர்ச் சிறுவன் ஏன் வெளியே நின்றான் என்பதற்கு இந்தப் புதிர்ச் சோதனை ஓரளவு விடை தருகிறது. அவன் மறைத்தது ஜாதியை மட்டுமல்ல, தன் புத்தியை அந்த வாசிப்பிலிருந்து காப்பாற்றியும் கொண்டான். ஆனால் எத்தனை நாளைக்கு? பாமாவின் 'கருக்கு' நூலில் ஓர் இடம் வருகிறது. கல்லூரி வகுப்பில் விரிவுரையாளர், ஹரிஜன மாணவிகள் எழுந்து நிற்குமாறும், சர்க்கார் அவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு ஏற்பாடு செய்திருப்பதாகவும் அறிவிக்கிறார். எழுந்து நின்றவள் சுற்றிலும் மாறும் முகங்களைப் பார்க்கிறாள். அந்தத் தனி வகுப்பே தனக்கு வேண்டாம் என்கிறாள். உதவியின் நோக்கத்தில் குற்றம் இல்லை. அதைக் கொடுத்த முறை அவளைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டிற்று. நம் பள்ளிகளில் உபகாரச் சம்பளப் படிவம் வரும் நாளெல்லாம், "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க" என்ற குரல் எத்தனை வகுப்பறைகளில் ஒலித்திருக்கிறது என்பதை அங்கே படித்த எவரும் அறிவர். அந்தக் குரலில் துவேஷம் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. அது வெறும் அலுவலக வேலை.

அப்படியானால் தனிப் பள்ளியே மேலா? தெலங்கானாவின் சமூகநல உறைவிடப் பள்ளிகளைச் சுட்டி, மேல் என்பார் உண்டு. ஐக்கிய ஆந்திரத்தில் எண்பதுகளில் வித்திடப்பட்ட அந்தப் பள்ளிகளின் பொறுப்பை 2012-இல் போலீஸ் அதிகாரியான ஆர். எஸ். பிரவீண்குமார் ஏற்றபின், ஆங்கிலப் பேச்சிலிருந்து மலையேற்றம் வரை எதையும் 'நமக்கு ஆகாது' என்று ஒதுக்காத ஓர் ஊக்கம் அங்கே பரவியது. 2014-இல் அப்பள்ளிகளைச் சேர்ந்த மாலாவத் பூர்ணா என்னும் பழங்குடிச் சிறுமி பதின்மூன்று வயதில் எவரெஸ்ட் ஏறினாள். அம்மாணவர் தங்களை 'ஸ்வேரோ' என்று அழைத்துக்கொண்டனர். சகஜானந்தர் நந்தனார் பெயரை எழுதியதும், ராஜா ஆதி திராவிடர் என்று மாற்றியதும், இவர்கள் ஒரு புதுச் சொல்லைப் புனைந்ததும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை: பிறர் இட்ட பெயரை நீக்கித் தாமே ஒன்றை இட்டுக்கொள்ளுதல். தமிழ்நாட்டு ஆதி திராவிடர் நலப் பள்ளிகளுக்கு அத்தகைய யோகம் வாய்க்கவில்லை. காலிப் பணியிடங்களும், பழுதுபட்ட கட்டடங்களும், கல்வி இலாகாவுக்கு வெளியே ஒதுங்கிய நிர்வாகமுமாக அவை நிற்கின்றன. இருந்தும் அவற்றை ஒரேயடியாக மூடிவிட்டுக் குழந்தைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பினால் போதும் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. பொதுப் பள்ளி எத்தன்மையது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பயங்கரமான பதில் கிடைத்தது. சக மாணவரின் ஜாதிக் கொடுமையைப் பள்ளியில் புகார் செய்த தலித் மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும், இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே. கையில் கட்டும் வர்ணக் கயிறும், நெற்றியில் இடும் குறியும் தென் மாவட்டப் பள்ளிகளில் ஜாதிக் கொடிகளாக உலவுவது அதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒடுக்கப்பட்ட குழந்தையைப் படிக்கவைப்பதற்கு இத்தனை திட்டங்கள் வகுத்த நாம், அவன் பக்கத்தில் அமரும் மற்றக் குழந்தையை ஜாதியிலிருந்து விடுவிக்கும் படிப்பை எந்த வகுப்பிலும் வைக்கவில்லை. தலித் கல்வி என்ற பெயரால் நாம் நூற்று எழுபது ஆண்டுகளாகப் பேசி வருவது பாதிக் கல்வியே. மற்றப் பாதி தலித் அல்லாதாருடையது.

நாங்குநேரிச் சம்பவத்தின்பின் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கையைக் கொடுத்தது. வர்ணக் கயிறுகளைத் தடைசெய்தல், பெரும்பான்மை ஜாதியைச் சேர்ந்தவரையே அந்த வட்டாரத்தில் தலைமையாசிரியராக வைக்காதிருத்தல், மாணவரைப் பெயரின் அகர வரிசைப்படி அமரவைத்தல், வருகைப் பதிவேட்டில் ஜாதி தெரியாதபடி செய்தல், கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதி திராவிடர் நலப் பள்ளி என்ற பெயர்களை நீக்கி எல்லாவற்றையும் 'அரசுப் பள்ளி' என்றே வழங்குதல் ஆகியவை அதன் யோசனைகளில் சில. 2025 ஜூலையில் விடுதிகளின் பெயர்கள் 'சமூகநீதி விடுதிகள்' என்று மாற்றப்பட்டன. 1922-இல் எம். சி. ராஜா போராடிப் பெற்ற சொல், நூற்றாண்டு கழிந்து வாசற்பலகையிலிருந்து இறங்குகிறது. அதைக் குறித்து வருந்துவோரும் உண்டு. பெயரை மறைத்தால் அந்தப் பெயரால் கிடைத்த உரிமையும் மறையும் என்று அவர்கள் அஞ்சுவது வீண் அச்சம் அல்ல. ஆயினும் பன்னிரண்டு வயதுக் குழந்தை தன் விடுதியின் பெயரைச் சொல்லாமல் பஸ் ஸ்டாப்பில் பேச்சை மாற்றுவதைக் கண்டவர்கள், பலகை மாறுவதை ஆட்சேபிக்கச் சற்றுத் தயங்குவார்கள்.

அதே அறிக்கையின் சிறு யோசனை ஒன்று பத்திரிகைகளில் அதிகம் பேசப்படவில்லை. உபகாரச் சம்பளம் முதலிய விவரங்களை வகுப்பறையில் அறிவிக்காமல், தலைமையாசிரியர் உரிய மாணவரைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே சொல்ல வேண்டும் என்பது அது. நல்ல யோசனை, உடனே செய்யத்தக்கது, ஒரு காசும் செலவில்லை. அந்த அறையிலிருந்து பையன் வெளியே வருகிறான். தாழ்வாரத்தைக் கடந்து வகுப்புக்குள் நுழைந்து தன் இடத்தில் உட்காருகிறான். பக்கத்தில் இருப்பவன் குனிந்து, "எதுக்குடா கூப்பிட்டாங்க?" என்று கேட்கிறான்.